அசோசியேஷன் செயலாளர் பதவியை உதறிவிடலாமா?

கேள்வி: மேடவாக்கம் பக்கத்தில் 48 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்த வீட்டில் இருக்கிறேன். வங்கி வேலையில் ஓய்வு பெற்ற கையோடு, "சார் இனிமே ஃப்ரீதானே" என்று சொல்லி என்னை அசோசியேஷன் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். இது இரண்டாவது வருடம். ஏழு வீட்டுக்காரர்கள் மெயின்டனன்ஸ் கட்டுவதில்லை. மாதம் 2,500 ரூபாயாக இருந்ததை 3,500 ஆக்கியதற்கு இன்றுவரை திட்டு வாங்குகிறேன். மூன்றாவது மாடி பாத்ரூமிலிருந்து இரண்டாவது மாடி வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது. இரண்டு பேரும் என்னைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய லாரி எதற்கு, ரெண்டு ஆளை இறக்கினால் பாதிக் காசில் முடியுமே என்கிறார் ஒருவர். கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்ததில் நான் கமிஷன் வாங்கியதாக வாட்ஸ்அப் குரூப்பில் இன்னொருவர் எழுதினார். எல்லோரும் படித்தார்கள், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ராஜினாமா கடிதம் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். கொடுத்துவிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை)

பதில் அளிப்பவர்: குடியிருப்போர் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஆடிட்டர்

சார், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் இந்த மாதம் வேண்டாம்.

அசோசியேஷனின் வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுபவர்களில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள். நீங்கள் விலகினால் புதியவரைத் தேர்ந்தெடுத்து, தீர்மானம் எழுதி, வங்கி அதை ஏற்று, நிர்வாகிகள் மாறியதைச் சங்கப் பதிவாளரிடமும் தாக்கல் செய்ய வேண்டும். அதுவரை காசோலை நகராது. உங்களைத் திட்டியவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வாட்ச்மேனுக்கும் பெருக்குகிற அம்மாவுக்கும் சம்பளம் நிற்கும். வங்கியில் இருந்த உங்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, அந்தக் கமிஷன் பேச்சு. இந்தச் சூட்டோடு விலகினால், "பார்த்தீங்களா, கேட்டதும் ஓடிட்டார்" என்பதுதான் அந்தக் கட்டடத்தில் நிற்கும். நீங்கள் அங்கேயே குடியிருக்கப் போகிறவர். லிஃப்டில் தினமும் அதே முகங்களைப் பார்க்க வேண்டும். ஆகவே முதலில் அதை முடிப்போம்.

குரூப்பில் பதில் எழுதாதீர்கள். இரவு பதினொரு மணிக்குத் தட்டச்சு செய்த விளக்கம் எந்தக் காலத்திலும் யாரையும் திருப்திப்படுத்தியதில்லை. ஒரு ஃபைல் தயார் செய்யுங்கள். எத்தனை காண்டிராக்டர்களிடம் கொட்டேஷன் வாங்கினீர்கள், ஒவ்வொருவரும் சதுர அடிக்கு என்ன கேட்டார், எத்தனை கோட், எந்தப் பெயின்ட், யாரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், எந்தத் தேதியில் செயற்குழு ஒப்புக்கொண்டது, எவ்வளவு முன்பணம், மிச்சம் எப்போது கொடுத்தது, எல்லாம் அதில் இருக்கட்டும். வங்கி ஸ்டேட்மென்டில் அந்தத் தொகைகள் உள்ள பக்கங்களையும் சேர்த்துவிடுங்கள். அப்புறம் நோட்டீஸ் போர்டில் ஒரே ஒரு வரி: "பெயின்ட் வேலை தொடர்பான எல்லா ஆவணங்களும் ஞாயிறு காலை 10 முதல் 12 வரை அசோசியேஷன் அறையில் பார்வைக்கு இருக்கும்." பொருளாளரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பெரும்பாலும் யாரும் வர மாட்டார்கள். வந்தாலும் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தண்ணீர்ப் பிரச்சினை பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள். ஆனால் அப்படித் திறந்து வைத்த செய்தி 48 வீட்டுக்கும் போய்விடும்.

அந்த ஃபைலில் ஏதாவது ஒரு தாள் குறைந்தால், உதாரணமாக இரண்டாவது கொட்டேஷனை வாயால் மட்டும் கேட்டு வைத்திருந்தால், குறைகிறது என்றே எழுதி வையுங்கள். இப்போது உட்கார்ந்து பழைய தேதி போட்டுத் தயாரிக்க வேண்டாம். அதை எந்த ஆடிட்டரும் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். குற்றம் சொன்னவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்து லிஃப்ட் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கும்போது கொட்டேஷன் வாங்கும் துணைக்குழுவில் அவர் பெயரைப் போடுங்கள். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. மூன்று கம்பெனிக்கு போன் போட்டு, யாரும் நேரத்துக்கு வராமல், வந்தவர் சொன்ன விலையில் மயங்கி நின்றால்தான் அந்த வேலை என்னவென்று தெரியும். சிலர் அதற்கப்புறம் நல்ல நிர்வாகிகளாகவே ஆகிவிடுகிறார்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் எனக்குக் கண்ணில் பட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஏறிய மெயின்டனன்ஸ், ஒழுகும் பாத்ரூம், செப்டிக் டேங்க், பெயின்ட் என்று எல்லாமே "நான்", "என்னை" என்றே வருகிறது. செயற்குழு என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. தலைவர் ஒருவர், பொருளாளர் ஒருவர், உறுப்பினர்கள் சிலர் இருப்பார்களே, அவர்கள் எங்கே? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 நிர்வாகத்தைக் குழுவிடம்தான் ஒப்படைக்கிறது. அதன் முடிவை நிறைவேற்றுவதுதான் செயலாளரின் வேலை. நீங்கள் முடிவையும் எடுத்து, அதைச் செய்தும் முடித்து, அதற்கான திட்டையும் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். நான் தணிக்கை செய்யும் சங்கங்களில் அதிகம் சண்டை நடப்பது பணம் குறைவாக உள்ள இடங்களில் என்று சொல்ல முடியாது. கேட் பக்கத்திலும் லிஃப்டிலும் போனிலும் முடிவெடுக்கிற இடங்களில்தான் சண்டை. அங்கே ஒவ்வொரு முடிவும் இரண்டு மனிதர்களுக்கு இடையிலான விஷயமாகிவிடுகிறது. கூட்ட முடிவுகளை எழுதும் மினிட்ஸ் புத்தகத்தில் ஐந்து பேர் கையெழுத்துடன் இருக்கும் முடிவை எதிர்ப்பவர், அந்த ஐந்து பேரையும் சேர்த்துத்தான் எதிர்க்க வேண்டும். அது அவ்வளவு சுலபமில்லை.

எனவே மாதம் ஒரு முறை, ஒரே கிழமையில், ஒரு மணி நேரம் செயற்குழு கூடட்டும். அதற்கு இடையில் யார் எதைக் கேட்டாலும், "எழுதிக் கொடுங்க, அடுத்த கூட்டத்துல வைக்கிறேன்" என்பதே உங்கள் பதில். அவசரம் என்றால் தண்ணீர், லிஃப்டில் ஆள் மாட்டிக்கொள்வது, மின்சாரம், தீ, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு நாய் குரைப்பது அவசரம் ஆகாது.

மெயின்டனன்ஸ் ஏற்றத்துக்கு நீங்கள் ஏன் குற்றவாளி போல் நிற்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. பழைய ஈபி பில் ஒன்றையும் புதிய பில் ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒட்டுங்கள். 2022 செப்டம்பருக்கு முன் மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்குக்கான பொது இணைப்புகள் வீட்டுக் கட்டணத்தில் இருந்தன. அந்த மாதம் வந்த கட்டண மாற்றத்தில் அவற்றுக்குத் தனி வகை வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினார்கள். 2023 நவம்பரில் 5.50 ரூபாயாகக் குறைத்தார்களே என்று யாராவது கேட்பார். பத்து வீடுகளுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிஃப்ட் இல்லாத சின்னக் குடியிருப்புகளுக்கு மட்டும் தந்த சலுகை அது. 48 வீடும் லிஃப்டும் உள்ள உங்களுக்குப் பொருந்தாது. இதோடு கோடையில் லாரித் தண்ணீருக்குக் கொடுத்த தொகையையும் மாதவாரியாகப் போடுங்கள். 2019 கோடையில் சென்னை எப்படித் தண்ணீருக்கு அலைந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் அந்த லாரிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது கணக்கைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே நினைவிருக்கும்.

இப்படிக் கணக்கு ஒட்டும்போது குரூப்பில் ஒருவர் ஜி.எஸ்.டி. பற்றிக் கிளப்புவார், எல்லாக் கட்டடத்திலும் ஒருவர் இருக்கிறார். 48 வீடு, மாதம் 3,500 என்றால் ஆண்டுக்கு ஜி.எஸ்.டி. வரம்பான 20 லட்சத்தைச் சற்றுத் தாண்டுகிறது, உண்மைதான். ஆனால் ஒரு உறுப்பினரிடம் மாதம் 7,500 ரூபாய் வரை வாங்கும் பராமரிப்புத் தொகைக்கு விலக்கு உண்டு. அதைத் தவிர வேறு வருமானம் இல்லையென்றால் கவலை வேண்டாம். மொட்டை மாடியில் செல்போன் டவருக்கு வாடகை வாங்குகிறீர்கள் என்றால் மட்டும் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

அடுத்து அந்த ஏழு வீடுகள். ஏழையும் ஒரே பட்டியலில் போட்டு 'டிஃபால்டர்ஸ்' என்று எழுதியிருப்பீர்கள். பிரித்துப் பாருங்கள். ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பார். மெயின்டனன்ஸை வாடகைதாரர் கட்டுவதாக அவரும், ஓனர் கட்டுவதாக வாடகைதாரரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இந்த வகை ஒரு மின்னஞ்சலில் தீரும். இன்னொருவருக்கு வேலை போயிருக்கலாம். அவரிடம் தனியாக, வீட்டில் உட்கார்ந்து, தவணை பேச வேண்டும். தவணையைச் செயற்குழுவில் எழுதிக்கொள்ளுங்கள், பெயரைக் குரூப்பில் போடாதீர்கள். அப்புறம், ஒழுகுகிற அந்த இரண்டாவது மாடி வீட்டுக்காரரும் இந்த ஏழில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவர் பாக்கி வைத்திருப்பது பணமில்லாமல் இல்லை, கோபத்தில். ஒழுகல் நின்றால் பணம் வரும். மிச்சம் இரண்டு பேரோ மூன்று பேரோ, "என்ன பண்ணிடுவீங்க?" வகை. நடவடிக்கை அவர்களுக்கு மட்டும்.

அந்த வகையினருக்குத் தண்ணீர் லைனை அடைத்துவிடலாம் என்று கட்டாயம் யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். குழந்தையும் வயதானவர்களும் உள்ள வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டுப் போலீஸ் நிலையத்தில் போய் நிற்கப்போவது, யோசனை சொன்னவரா நீங்களா? எழுத்து வழியே போங்கள். முதலில் உங்கள் பைலாவில் (சங்கத்தின் விதிகள்) தாமதத்துக்கு வட்டி போட விதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பொதுக்குழுவில் கொண்டு வாருங்கள். பதிவுத் தபாலில் கணக்குடன் ஒரு நோட்டீஸ், அது பலிக்காவிட்டால் வக்கீல் நோட்டீஸ். பழைய பாக்கிக்குக் காலக்கெடு இருப்பதைப் பல சங்கங்கள் மறந்துவிடுகின்றன. ஒவ்வொரு தொகையும் கட்ட வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குள் அவர் "இன்ன தொகை நான் தர வேண்டியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து அந்த மூன்று ஆண்டு மறுபடி தொடங்கும். "அடுத்த மாசம் பார்க்கலாம் சார்" என்று சிரித்த முகத்தோடு சொல்கிறவரிடம் அதையே ஒரு தாளில் வாங்குங்கள். அப்புறம் அந்த வீட்டை விற்கும் நாள் வரும். வாங்குபவர் பெரும்பாலும் அசோசியேஷனிடம் பாக்கி இல்லை என்ற கடிதம் கேட்பார். உங்கள் கணக்கு சுத்தமாக இருந்தால் வட்டியோடு அன்றைக்கு வந்து நிற்கும்.

ஒழுகலில் நீங்கள் நீதிபதியாக வேண்டாம். மூன்றாவது மாடிக்காரர் "என் வீட்ல இல்ல" என்பார், இரண்டாவது மாடிக்காரர் சீலிங்கைப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டே இருப்பார். அசோசியேஷன் செலவில் ஒரு நல்ல பிளம்பரை அழையுங்கள். மேல் வீட்டில் அந்தப் பாத்ரூமை இரண்டு நாள் பயன்படுத்தாமல் இருக்கச் சொல்லி, ஈரம் குறைகிறதா என்று பார்க்கலாம். பிறகு தரையில் கலர் கலந்த தண்ணீரைத் தேக்கிவைத்தால் கீழே அந்தக் கலர் வருகிறதா என்று தெரிந்துவிடும். தரைத் தண்ணீர் வடியும் நானி டிராப்போ தரை வாட்டர்ப்ரூஃபிங்கோ போயிருந்தால் மேல் வீட்டுக்காரர் செலவு. டக்டில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக இறங்கும் குழாயோ வெளிச்சுவரோ என்றால் அசோசியேஷன் செலவு. வழக்கமான பைலாக்கள் இப்படித்தான் பிரிக்கும். உங்களுடையதையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். பிளம்பர் கண்டதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். அதை இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். அதன் பிறகு அவர்கள் சண்டை போட்டால் பிளம்பரின் தாளோடு போடட்டும்.

இதுவரை சொன்னவற்றில் எல்லாம் விட்டுக்கொடுக்க இடம் இருக்கிறது. செப்டிக் டேங்கில் இல்லை. தொட்டிக்குள் யாரையும் இறக்கக் கூடாது. "மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டா கேஸ் போயிடும்" என்பார்கள். ஆளைக் கொல்ல அந்த வாயுவுக்குச் சில நிமிடம் போதும். முதலில் இறங்கியவர் மயங்கி, தூக்கப் போன இரண்டாவது ஆளும் இறந்த செய்திகளைத் தமிழ்நாட்டில் நாம் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். கையால் மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதையும் குற்றமாக்குகிறது. முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆளை வைத்தவர்தான் பொறுப்பு. கூப்பிட்டது செயலாளர் என்றால் உங்கள் பெயர்தான் எஃப்.ஐ.ஆரில் வரும். ஆனால் சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பாதிக் காசுக்கு ஒருவரை அந்தக் குழிக்குள் அனுப்பலாம் என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்கிறார் என்றால், அங்கே நீங்கள் கோபப்பட வேண்டும். இதுவரை பட்டதெல்லாம் தேவையில்லாத கோபம், இது தேவையான கோபம். "இயந்திர லாரி மட்டுமே, ஆளை இறக்குவதில்லை" என்று அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் எழுதி வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பின் வருகிறவரையும் அது கட்டுப்படுத்தும்.

வாட்ஸ்அப் மௌனம் உங்களை அதிகம் காயப்படுத்தியிருக்கிறது என்று தெரிகிறது. என் அனுபவத்தில், குரூப்பில் பேசாதவர்கள்தான் ஐந்தாம் தேதிக்குள் பணம் கட்டுபவர்கள். அவர்கள் உங்களைச் சந்தேகிக்கவில்லை, வம்பு வேண்டாம் என்று இருக்கிறார்கள். அது சரியில்லைதான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் 48 வீட்டில் 41 வீடு மாதாமாதம் பணம் கட்டுகிறது என்பதையும் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். குரூப்பை அறிவிப்புக்கு மட்டும் என்று மாற்றி, நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி வையுங்கள். புகாருக்கு செக்யூரிட்டி மேஜையில் ஒரு நோட்டு. பேனாவை எடுத்து எழுத வேண்டும் என்றாலே பாதிப் புகார் காணாமல் போய்விடும். இரவு பத்தரை மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்று யாராவது பெல் அடித்தால், மோட்டார் போடும் ஆளின் நம்பரைக் கொடுத்துவிடுங்கள்.

இனி விலகும் விஷயம். பொதுக்குழுவை எப்போது கூட்ட வேண்டும் என்று பைலாவில் இருக்கும். அதில், "இந்த ஆண்டுக் கணக்கோடு நான் விடைபெறுகிறேன்" என்று முன்கூட்டியே, எழுத்தில், தேதியோடு சொல்லுங்கள். நான்கு வாரம் முன்னால் சொன்னால்தான் ஆள் தேடுவார்கள். அன்றைக்கு மேடையில் அறிவித்தால் மிக்சர் தட்டு காலியாவதற்குள் கூட்டத்துக்குத் தேவையான கோரமும் (குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) காலியாகி, "சார் நீங்களே இன்னொரு வருஷம்" என்று முடித்துவிடுவார்கள். சங்கப் பதிவுச் சட்டப்படி ஒரு குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. என்னைக் கேட்டால் செயலாளருக்கு இரண்டு ஆண்டே போதும். அதையும் பைலாவில் சேர்த்துவிட்டுப் போங்கள்.

போவதற்கு முன் இரண்டு தாள்களைத் தேடி எடுங்கள். சங்கப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டியவை எந்த ஆண்டு வரை போயிருக்கின்றன என்று ஒன்று. நான் பார்த்தவரை பல சங்கங்களில் நாலைந்து ஆண்டு நிலுவை இருக்கும், யாருக்கும் தெரியாது. பாக்கிக்காரர் மேல் வழக்குப் போடும் நாளில்தான் அது வெளியே வரும். இன்னொன்று உங்கள் பைலா. 1994-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பழைய பைலாவில் எதை மாற்ற வேண்டும் என்று ஒரு வக்கீலிடம் கேட்டு வையுங்கள். இதைப் புதுச் செயலாளர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவர் முதல் மூன்று மாதம் மோட்டார் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே போய்விடும்.

பெயின்ட் ஃபைல் இந்த ஞாயிற்றுக்கிழமை, செயற்குழு அடுத்த வாரம். ராஜினாமா கடிதத்தைக் கிழிக்க வேண்டாம், பொதுக்குழு நடக்கும் தேதியை அதில் போட்டு வையுங்கள்.